இருதயசாமி பின்னிய எட்டு நாற்காலிகள்

போன சித்திரையில் என் மகள் ஜ்யோத்ஸ்னா என்னைத் தெற்கு டில்லியில் ஒரு கடைக்கு அழைத்துக்கொண்டு போனாள். வீடுகளை அலங்கரித்துக் கொடுப்பது அவள் தொழில். கடைக்குள் ஒரு மேடை, மேடைமேல் தனி விளக்கு, விளக்கடியில் ஒரே ஒரு நாற்காலி. தேக்குக் கால்கள், பிரம்பு பின்னிய முதுகு, பிரம்பு பின்னிய இருக்கை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருஷத்துக்குமேல் நான் உட்கார்ந்து ஃபைல் பார்த்த நாற்காலியின் உடன்பிறப்பு அது. விலைச் சீட்டைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நானே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தேன்.

பழைய பாணி திரும்ப வந்துவிட்டதாம். பிரம்பு வலை பதித்த அலமாரிக் கதவு, பிரம்பு விளக்குக் கூடை, கட்டிலின் தலைமாட்டிலும் பிரம்பு. தன்னிடம் வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் பிரம்புதான் வேண்டும் என்கிறார்கள் என்று ஜ்யோத்ஸ்னா சொன்னாள். அவள் சந்தோஷமாகச் சொன்னாள், எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதே மாதிரி நானூறு நாற்காலிகளை "உபயோகமற்றவை" என்று எழுதி ஏலத்துக்கு அனுப்பிய நோட் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அந்த நோட்டால் ஒரு மனிதருக்கு வேலை போயிற்று. சம்பளம் மாதாமாதம் வந்தது. வேலை மட்டும் போயிற்று.

அவர் பெயர் இருதயசாமி.

எங்கள் அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். மத்திய டில்லியில் நீள நீளமான தாழ்வாரங்கள் உள்ள ஒரு சர்க்கார் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட இடங்களில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவதற்கென்றே ஓர் உத்தியோகம் உண்டு. அதைப் பார்வையில்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். 1987-ல் அந்த வேலைக்கு வந்தவர் இருதயசாமி. திண்டுக்கல் பக்கம். அப்பா பூட்டுப் பட்டறையில் வேலை. நாலு வயதில் தட்டம்மை போட்டுப் பார்வை போய்விட்டது. பார்வையற்றோர் பள்ளியில் முதலில் பாட்டு வகுப்பில்தான் சேர்த்தார்களாம். பாட்டு வாத்தியார் இரண்டே நாளில் கையெடுத்துக் கும்பிட்டு, பிரம்பு வகுப்புக்கு அனுப்பிவிட்டார். இதை இருதயசாமியே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் டில்லிக்கு வந்ததும் மாதா கோயில் பாட்டுக்குழுவில் சேர்ந்தார். சுருதி தப்பிப் பாடுவது யார் என்று முன்வரிசையில் இருந்த ஒரு நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். நாகர்கோவில்காரி, பெயர் லிடியா. அடுத்த வருஷம் கல்யாணம்.

இரண்டாம் மாடித் தாழ்வாரத்தின் கோடியில் அவருக்கு ஓர் அறை. ஒரு பக்கம் வாளித் தண்ணீரில் பிரம்புப் பட்டைகள் ஊறும். சட்டத்தைச் சுற்றியுள்ள துளைகளில் நெடுக்கே இரண்டு ஓட்டம், குறுக்கே இரண்டு ஓட்டம், மூலைவாட்டில் இரண்டு ஓட்டம், கடைசியில் துளைகளை மூடி ஓரப் பட்டை. பட்டை நழுவாமலிருக்கத் துளைகளில் செருகும் மரக்குச்சிகளை வாயில் கடித்துக்கொண்டேதான் பேசுவார். நாற்காலியைத் தடவிப் பார்த்து எந்த செக்‌ஷன் என்று சொல்லுவார். கணக்குப் பிரிவு நாற்காலிகள் முன்பக்கம்தான் அறுந்து வருமாம். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் எல்லோரும் நுனியில் உட்காருகிறார்களாம். நான் கணக்குப் பிரிவிலிருந்து ஜெனரல் செக்‌ஷனுக்கு மாறி வந்த புதிது. அதனால் எனக்கு அந்தப் பேச்சு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மேஜை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் ஜெனரல் செக்‌ஷன் பொறுப்பு. 2003-ல் சக்கரம் வைத்த சுழல் நாற்காலிகள் வந்தன. மேலிடத்தில் கேட்டார்கள், நான் நோட் எழுதினேன். லாரி வந்தது, நாற்காலிகள் போயின. வரவேற்பறைக்கு வேண்டியிருக்கும் என்று பன்னிரண்டை மட்டும் ஸ்டோர் ரூமில் நிறுத்திவைத்தேன். இத்தனையும் செய்தபோது இருதயசாமி என்று ஒருவர் இருப்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவரை வேலையைவிட்டு அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே தினமும் ஒன்பதரைக்கு வந்தார், வாளியில் தண்ணீர் பிடித்துவைத்தார், சுவரைத் தொட்டுக்கொண்டே என் மேஜைக்கு வந்து நின்றார்.

"இன்னிக்கு நாற்காலி ஏதாச்சும் வந்திருக்குங்களா மேடம்?"

இல்லை என்பேன். சரி என்று திரும்பிப் போவார். மறுநாள் ஒன்பதரைக்கு அதே கேள்வி. இப்படியே இரண்டு மாதம். மூன்றாம் மாதம் ஒரு நாள் என் வீட்டுக்காரரின் சவர பிளேடு ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டோர் ரூமைத் திறந்து, பன்னிரண்டில் இரண்டு நாற்காலிகளின் பின்னலை நடுவில் அறுத்தேன். "இருதயசாமி, ரெண்டு நாற்காலி வந்திருக்கு" என்று அன்றைக்குச் சாயங்காலம் அவரிடம் சொன்னபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

இரக்கத்தால் செய்தேன் என்று சொன்னால் அது பொய். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிப்பதற்காகச் செய்தேன். மாதம் இரண்டு நாற்காலி. அவர் பின்னிக் கொடுப்பார், நான் ஸ்டோரில் வைத்துப் பூட்டுவேன், முறை வரும்போது மறுபடி அறுப்பேன். ஒன்பது வருஷம் அரசாங்கச் சொத்துக்கு இப்படிச் சேதம் விளைவித்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு என் பென்ஷனை யாராவது நிறுத்தினால் நிறுத்திக்கொள்ளட்டும்.

2012-ல் ஓய்வு பெற்றேன். எனக்குப் பின்னால் வந்தவரிடம் என்னவென்று சொல்வது? பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சவர பிளேடைச் சேர்க்க முடியுமா? ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இருதயசாமிக்கு இன்னும் ஆறு வருஷ சர்வீஸ் பாக்கி இருந்தது. நான் குடியிருப்பது மயூர் விஹார் ஃபேஸ் ஒன், அவர் ஃபேஸ் த்ரீ. ஆட்டோவில் அரை மணி நேரம். பன்னிரண்டு வருஷமாக ஒரு தடவைகூட நான் அங்கே போகவில்லை.

இந்த வருஷம் போகவேண்டி வந்தது. டில்லியை ஒட்டிய குர்காவில் ஒரு பெரிய வீட்டுக்கு ஜ்யோத்ஸ்னா பழைய சாப்பாட்டு நாற்காலிகள் எட்டைத் தேடிப் பிடித்திருந்தாள். பஞ்ச்குயியாங் ரோடில் ஒரு கடைக்காரர், மில்லில் நெய்து ரோலாக வரும் பிரம்பு வலையை வெட்டி மேலே வைத்து ஆணி அடித்துக் கொடுத்துவிட்டார். வீட்டம்மா பார்த்தாள், கையால் துளையில் கோத்துப் பின்னியதுதான் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். கையால் பின்னுகிற ஆட்கள் டில்லியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் புது மோகத்தில் ஒருவருக்கும் மூன்று மாதத்துக்குக் கை ஒழியவில்லை. ஜ்யோத்ஸ்னா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு ஒருவரைத் தெரியும் என்றேன்.

வலையைப் பிய்த்தெறிந்துவிட்டு, வெறும் சட்டங்களை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். கதவைத் திறந்தது லிடியா. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தைதான் சொல்லியிருப்பேன், உள்ளேயிருந்து "சியாமளா மேடம்" என்று குரல் வந்தது. தலை முழுக்க வெள்ளை. மற்றபடி அதே ஆள், அதே இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை.

டீ வந்தது. பேரன் பேத்தி விசாரிப்பெல்லாம் முடிந்தது. பிறகு நான் விஷயத்துக்கு வந்தேன். பிரம்பு நாற்காலி திரும்ப வந்துவிட்டது என்றேன். கடையில் பார்த்த மேடையைச் சொன்னேன், விளக்கைச் சொன்னேன், ஓட்டல்களில் எல்லாம் இதுதான் என்றேன். ஒரு கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினேன். எல்லாவற்றையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"திரும்பவும் பிளேடைக் கையில எடுத்துட்டீங்களா மேடம்?"

ஜ்யோத்ஸ்னா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. என் வீட்டுக்காரர் போய்ச் சேரும்வரை அவருக்கும் தெரியாது. இந்த உலகத்தில் எனக்கும் அந்த ஸ்டோர் ரூமுக்கும் மட்டுமே தெரிந்தது என்று இருபத்தொரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தேஞ்சு அறுந்த பிரம்புன்னா நுனி நாரு நாராப் பிரிஞ்சு கிடக்கும்," என்றார். "நீங்க குடுத்ததெல்லாம் நுனி வழவழன்னு இருந்துச்சு. முதல் நாளே தெரிஞ்சு போச்சு. நீங்கதானான்னு மட்டும் நிச்சயமாத் தெரியலை. நீங்க ரிடையரான மாசத்தோட நாற்காலி வர்றதும் நின்னு போச்சுங்களா, அப்ப தெரிஞ்சுது."

ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நிறுத்தியிருப்பீங்க. கோவமும் இருந்துச்சு, நன்றியும் இருந்துச்சு. எதை முதல்ல சொல்றதுன்னு தெரியாம ரெண்டையும் சொல்லலை." டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டுச் சொன்னார். "இனிமே வேணாம் மேடம். பென்ஷன் வருது, பொழுதும் போகுது. இன்னொரு தடவை என்னால அப்படிப் பின்ன முடியாது."

நாற்காலிக்கு எப்படியாவது ஆள் பிடித்துவிடலாம். நான் சொல்வது நிஜம் என்று இந்த மனிதரை எப்படி நம்பவைப்பது? வெறும் சட்டத்தில் பிரம்பு நுனி ஏது, தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள? ஜ்யோத்ஸ்னா கைபேசியைத் திறந்து, விளம்பரங்களையும் விலைகளையும் தன் தத்தக்கா பித்தக்காத் தமிழில் படித்துக் காட்டினாள். "பாப்பாவையும் கூட்டுச் சேர்த்துக்கிட்டீங்களா?" என்று அவர் சிரித்தார். அவள் "கசம்ஸே அங்கிள், சச் பாத்" என்று ஹிந்தியில் சத்தியம் பண்ணினாள். அதற்கும் சிரித்தார். ஒன்பது வருஷம் நான் சொன்ன பொய் ஒன்றுகூட வீண்போகவில்லை, அத்தனையும் சேர்ந்து என் உண்மையை மென்று தின்றுவிட்டது.

கடைசியில் லிடியாதான் வழிசெய்தாள். முப்பத்தைந்து வருஷம் வார்டில் நோயாளிகளை மாத்திரை விழுங்கவைத்த குரலில், "வந்தவங்கள வெறுங்கையோட அனுப்புவீங்களா? முதல்ல பின்னுங்க, பேச்செல்லாம் பொறவு" என்றாள். அவர் மறுக்கவில்லை. "சரிங்க மேடம், வெச்சுட்டுப் போங்க" என்றார். ஆபீசில் ஒன்பது வருஷம் கேட்ட அதே "சரிங்க மேடம்". அன்றைக்கு எனக்குப் புரியாத அதன் அர்த்தம் இன்றைக்குப் புரிந்தது. பொய் என்று தெரிந்தே சொல்லும் "சரி" அது. சட்டங்களை இறக்கிவைத்துவிட்டு வீடு திரும்பினேன்.

அவர் பின்னி முடிக்க ஒரு மாதம் ஆயிற்று. வாரத்துக்கு இரண்டு நாள் நான் போய் எதிரே உட்கார்ந்துகொள்வேன். எதையாவது கொண்டுபோய்க் கொடுத்து அவர் மனசைக் கரைக்கலாம் என்று ஒரு நப்பாசை. ஒரு நாள் நெத்திலிக் கருவாடு சாப்பிட்டு நாளாயிற்று என்றார். பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத நான் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு கருவாடு வாங்கினேன். நாலு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டியும் மெட்ரோவில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. கருவாட்டை ரசித்துச் சாப்பிட்டார். என்னை நம்பவில்லை. இந்த நாற்காலிகள் எங்கே போகின்றன, யார் வீடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசி நாற்காலியின் ஓரப் பட்டையை இழுத்து முடித்துவிட்டு, "ஆச்சு மேடம், எடுத்துட்டுப் போலாம்" என்றார்.

எட்டும் குர்காவுக்குப் போயின.

ஆவணியில் ஒரு காலை ஜ்யோத்ஸ்னா போன் செய்தாள். குரலில் பதற்றம். நாற்காலி ஒன்றில் பிரம்பு முனை மேலே துருத்திக்கொண்டு, வீட்டம்மாவின் பனாரஸ் துப்பட்டா மாட்டிக் கிழிந்துவிட்டதாம். மாமியார் கொடுத்த துப்பட்டாவாம். அந்த அம்மாள் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்கிறாளாம்.

"அங்கிள்கிட்ட சொல்லாதேம்மா, பாவம். நான் வேற ஆள் வெச்சு சரிபண்ணிக்கறேன்," என்றாள்.

நானும் சரி என்றேன். சொல்லி போனை வைத்துவிட்டேன். காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோதுதான் சுருக்கென்றது. சொல்லாமல் மறைத்து, பாவம் பார்த்து, அவருக்குத் தெரியாமல் சரிசெய்து! இதைத்தானே ஒன்பது வருஷம் பண்ணினேன்? காபியை அப்படியே வைத்துவிட்டு ஜ்யோத்ஸ்னாவைக் கூப்பிட்டேன். அந்த அம்மாளிடம் இருதயசாமியின் நம்பரைக் கொடு, என்ன திட்டவேண்டுமோ அவரையே நேராகத் திட்டச் சொல், ஒரு வார்த்தை குறைக்கவேண்டாம் என்று சொல் என்றேன். பிறகு ஆட்டோ பிடித்து ஃபேஸ் த்ரீக்கு ஓடினேன்.

நான் போய்ச் செருப்பைக் கழற்றும்போது போன் வந்துவிட்டது. லிடியா அதை ஸ்பீக்கரில் போட்டாள். அந்த அம்மாள் ஹிந்தியில் பொரிந்து தள்ளினாள். கைவேலை என்று சொல்லி இவ்வளவு நாள் காக்கவைத்துவிட்டு, முனையைக்கூட ஒழுங்காக உள்ளே தள்ளத் தெரியாத ஆள் என்றாள். இருதயசாமியின் முகம் சிவந்தது. என் கையிலிருந்து இதுவரை ஒரு முனையும் வெளியே வந்ததில்லை என்று அவரும் ஹிந்தியில் சூடாகத் திருப்பிக் கொடுத்தார். அப்படியானால் என் துப்பட்டாவை யார் கிழித்தது, பூனையா என்று அவள் கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார். முகம் மாறியது. அந்த நாற்காலியில் யாராவது உட்காருகிறார்களா என்று மெதுவாகக் கேட்டார்.

இது என்ன கேள்வி என்றாள் அவள். என் மாமனார் மூன்று வேளையும் அதில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார், சாப்பிட்டு முடிந்தும் ஒரு மணி நேரம் எழுந்திருக்கமாட்டார்.

மாமனார் எத்தனை கிலோ இருப்பார் என்று இருதயசாமி கேட்டார்.

அந்தப் பக்கம் அவள் யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "தொண்ணூத்தெட்டு," என்று பதில் வந்தது.

நாற்காலியை உடனே அனுப்பிவைக்கச் சொன்னார். மறுநாள் மத்தியானம் அவர்கள் டிரைவர் காரில் கொண்டுவந்து இறக்கினார். நான் முன்கூட்டியே போய் உட்கார்ந்திருந்தேன். இருதயசாமி தரையில் சம்மணமிட்டு நாற்காலியை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து இருக்கையின்மேல் வைத்தார். ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, நிதானமாகத் தடவினார். நடுவில் பின்னல் லேசாகத் தாழ்ந்திருந்தது எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் அவர் கை நின்றுவிட்டது. வெகுநேரம் எடுக்கவே இல்லை.

பிறகு இடது பின்மூலையில் அந்த முனையைக் கண்டுபிடித்தார். ஓரப் பட்டைக்கு அடியில் சரியாகச் செருகாமல் விட்டிருந்தது. கட்டைவிரலால் அதை நெருடிப் பார்த்தார்.

"என் தப்புதான் மேடம்," என்றார். "மனசில்லாம பின்னினது. இதுவும் ஸ்டோர் ரூமுக்குத்தான் போவுதுன்னு நெனச்சேன்."

நானும் தரையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஒம்பது வருஷம் உங்களுக்குப் பின்னிக் குடுத்தேன். ஒரு நாற்காலிகூட நசுங்கித் திரும்பி வந்ததில்லை, ஒருத்தரும் ஒரு குத்தம் சொன்னதில்லை. உக்காந்தாத்தானே மேடம் குத்தம் சொல்றதுக்கு?" அவர் கண்களிலிருந்து தாரையாக வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. "அன்னிக்குச் சொல்லாம விட்ட நன்றியை இப்பச் சொல்லிக்கிறேன். நிஜமாவே உக்கார்ற ஆளைத்தான் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

நன்றி அவர் எனக்குச் சொன்னார். நான் யாருக்குச் சொல்வது? முகம் தெரியாத அந்தத் தொண்ணூற்றெட்டு கிலோ பெரியவருக்கு, மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டதற்கு, சாப்பிட்டபிறகு எழுந்திருக்காமல் இருந்ததற்கு, மனசார நன்றி சொன்னேன். கிழிந்த துப்பட்டாவுக்கும், அதற்காக வாய் ஓயாமல் திட்டிய அந்த அம்மாளுக்கும் சொன்னேன். தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நானும் அழுது தீர்த்தேன். லிடியா என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தது இருதயசாமிக்குப் பிடிக்கவில்லை.

"அழுதது போதும் மேடம். லிடியா, ஜல்தி பிரம்பை எடுத்து ஊறப்போடு," என்று அதட்டினார். "ராத்திரிச் சாப்பாட்டை அந்த மனுஷன் நின்னுக்கிட்டா சாப்பிடுவாரு?"